நம்ம அணி தகுதி பெறுமா? ஹாக்கி ரசிகனின் பதற்றத்துக்கு ஒரு கணக்குப் பாடம்



இந்த மாதப் பாடத்துக்கு ஒரு தாள், ஒரு பேனா, கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டர், இது மூன்றும் போதும். பாடம் ஹாக்கியைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், ஹாக்கி பார்க்கும் நம்மைப் பற்றியது.

மலேசிய ஹாக்கி ரசிகனுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. நம்ம அணி இரண்டு கோல் பின்தங்கி இருந்தால்கூட அவன் ஓரளவு நிம்மதியாக இருப்பான். "சரி, பார்ப்போம்" என்று தே தாரிக்கை உறிஞ்சுவான். ஆனால் நம்ம அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்து, கடைசி பத்து நிமிஷம் ஓடும்போது பாருங்க, வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். ஒருத்தன் எழுந்து வெளியே போய்விடுவான். இன்னொருத்தன் சட்டையை மாற்ற மாட்டான். மூன்றாவது ஆள், "நான் பார்க்கல, நான் பார்த்தாதான் தோத்துடுது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு கற்பனை? வாய்ப்பைக் கணக்குப் போட முடியுமா? போட்ட பிறகு ஒரு ரசிகன் என்னதான் செய்யலாம்? இந்த நாலு கேள்வியையும் ஒவ்வொன்றாக எடுப்போம்.

பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். இந்தப் பயம் சும்மா வந்ததல்ல.

1975-ல் உலகக் கிண்ணப் போட்டி நம்ம கோலாலம்பூரிலேயே நடந்தது. அரையிறுதியில் மலேசியா இந்தியாவைச் சந்தித்தது. 2-1 என நாம் முன்னிலை. ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருந்தபோது, மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லாம் ஷேர் கான் பினால்டி கார்னரில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலால் இந்தியா 3-2 என வென்று, பிறகு கிண்ணத்தையும் தூக்கியது. மலேசியா நான்காவது இடம். உலகக் கிண்ணத்தில் இன்றுவரை நம்முடைய ஆகச் சிறந்த இடம் அதுதான்.

அந்த ஆட்டத்தை நம்ம தாத்தாக்கள் பார்த்திருப்பார்கள். நம்ம தலைமுறை பார்த்த பட்டியல் வேறு:

2010, குவாங்சோ ஆசியப் போட்டி. அரையிறுதியில் இந்தியாவை 4-3 என வீழ்த்தினோம். இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் 0-2. வென்றிருந்தால் 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு நேரடி இடம்.

2017, டாக்கா ஆசியக் கிண்ணம். இறுதியாட்டத்தில் இந்தியாவிடம் 1-2.

2018, ஜகார்த்தா ஆசியப் போட்டி. அரையிறுதியில் இந்தியாவுடன் 2-2. ஷூட்-அவுட்டில் 7-6 என வென்றோம். குமார் சுப்பிரமணியம் கோல் காவலில் நின்ற அந்த ஷூட்-அவுட்டை யாரும் மறக்க முடியாது. இறுதியாட்டத்தில் முன்னிலையில் இருந்த நம்மை ஜப்பான் எட்டிப் பிடித்து 6-6. ஷூட்-அவுட்டில் 1-3 எனத் தோற்றோம். வென்றிருந்தால் டோக்கியோ ஒலிம்பிக்கில் நேரடி இடம். தோற்றதால் அடுத்த ஆண்டு லண்டனுக்குப் போய் பிரிட்டனுடன் இரண்டு ஆட்டம் ஆட வேண்டி வந்தது. முடிவு 1-4, 2-5.

2022, ஜகார்த்தா ஆசியக் கிண்ணம். இறுதியாட்டத்தில் தென் கொரியாவிடம் 1-2.

2023, சென்னை, ஆசிய வெற்றியாளர் கிண்ணம். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் இறுதியாட்டம். பாதி நேரத்தில் மலேசியா 3-1 முன்னிலை! மூன்றாவது கால் பகுதி முடியும் கடைசி நிமிஷத்துக்குள் இந்தியா இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தது. 56-வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் நான்காவதைப் போட்டார். 3-4.

2024 ஜனவரி, மஸ்கட், பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று. பாகிஸ்தானுடன் 3-3 சமநிலை. அரையிறுதிக்குப் போனது பாகிஸ்தான்.

மலேசிய ஆண்கள் அணி கடைசியாக ஒலிம்பிக்கில் ஆடியது 2000, சிட்னியில். அதன் பிறகு ஆறு ஒலிம்பிக் வந்து போய்விட்டது. எனக்கு இருபத்துச் சொச்சம் வயசு. என் வயசுக்காரர்கள் யாருமே நம்ம அணியை ஒலிம்பிக்கில் பார்த்த நினைவோடு இல்லை. அப்பாவும் மாமாவும் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு தகுதிச் சுற்றும் நமக்கு வெறும் ஆட்டமாக இருப்பதில்லை.

உடம்புக்கு என்ன ஆகுது?

"டேய், ஆட்டம்தானே" என்று அம்மா சொல்வார்கள். உடம்பு அப்படி நினைப்பதில்லை.

கனடாவின் மொன்ட்ரியால் நகரத்தில் 2017-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கி. இருபது ரசிகர்களின் நாடித்துடிப்பை ஆட்டத்தின்போது அளந்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் துடிப்பு சராசரியாக 75 விழுக்காடு கூடியது. அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு 110 விழுக்காடு, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். கோல் போடும் வாய்ப்பு வந்த நேரத்திலும் கூடுதல் நேரத்திலும்தான் துடிப்பு உச்சத்துக்குப் போனது. நம்ம ஆள் போடப் போகிறான் என்றாலும் சரி, எதிரணி போடப் போகிறது என்றாலும் சரி, இதயத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொரு ஆய்வு 2006 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது ஜெர்மனியின் மியூனிக் பகுதியில் நடந்தது. ஜெர்மனி ஆடிய நாட்களில் அங்கே இதயம் தொடர்பான அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை வழக்கமான நாட்களைவிட 2.66 மடங்கு. அதில் ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். நம்ம வீட்டில் அப்பா, தாத்தா யாராவது இதயத்துக்கு மருந்து சாப்பிடுபவர்களாக இருந்தால், ஷூட்-அவுட் நேரத்தில் திரையைப் பார்ப்பது போலவே அவர்களையும் ஒரு பார்வை பார்த்துக்குங்க. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஆக, பதற்றம் என்பது கோழைத்தனமோ பைத்தியக்காரத்தனமோ இல்லை. நம் கையில் எதுவும் இல்லாத ஒன்று நமக்கு ரொம்ப வேண்டியதாக இருந்தால், உடம்பு ஓடத் தயாராகிவிடும். ஆனால் ஓட இடம் இல்லை. நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

கணக்கு ஒன்று: ஒன்பது கட்டம்

இனி பேனாவை எடுங்க. பதற்றத்தில் பாதி, நமக்கு என்ன தேவை என்பதே சரியாகத் தெரியாததால் வருவது. "அவங்க தோத்தா, இவங்க சமன் பண்ணா, நாம மூணு கோல்ல ஜெயிச்சா..." என்று மாமாக் கடையில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். தாளில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் தெளிந்துவிடும்.

ஒரு கற்பனைப் பிரிவை எடுத்துக்கொள்வோம். நாலு அணி: அ, ஆ, இ, அப்புறம் நம்ம அணி. முதல் இரண்டு இடம் பிடிப்பவர் அரையிறுதிக்குப் போவார். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1. இரண்டு ஆட்டம் முடிந்த நிலையில் அ அணிக்கு 6, நமக்கு 3, ஆ அணிக்கு 3, இ அணிக்கு 0. கடைசி நாளில் நாம் ஆ அணியுடனும், அ அணி இ அணியுடனும் ஆடணும்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மூன்று முடிவு சாத்தியம். இரண்டு ஆட்டம் என்றால் 3 × 3 = 9 கட்டம். ஒன்பதையும் வரைந்து நிரப்புங்க.

நாம் வென்றால் நமக்கு 6 புள்ளி. மற்ற ஆட்டம் எப்படி முடிந்தாலும் நாம் உள்ளே. மூன்று கட்டம் பச்சை.

நாம் தோற்றால் ஆ அணிக்கு 6, நாம் 3-லேயே நிற்போம். மற்ற ஆட்டம் எப்படி முடிந்தாலும் நாம் வெளியே. மூன்று கட்டம் சிவப்பு.

சமநிலை என்றால் இருவருக்கும் 4 புள்ளி, வெற்றி எண்ணிக்கையும் சமம். கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். மூன்று கட்டம் மஞ்சள்.

இதில் என்ன தெரிகிறது? இன்னொரு ஆட்டம் நமக்கு ஒரு பொருட்டே இல்லை! அ அணி வென்றாலும் தோற்றாலும் நம்ம நிலை மாறவில்லை. ஆனால் இந்தக் கட்டத்தைப் போடாத ரசிகன், காலையிலிருந்து அந்த ஆட்டத்தையும் பார்த்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பான். அது வீண் செலவு.

இப்போது மஞ்சள் கட்டத்தைக் கவனிங்க. அ அணியிடம் நாமும் ஆ அணியும் 1-3 என ஒரே மாதிரி தோற்றோம் என்று வைத்துக்கொள்வோம். இ அணியை நாம் 4-1 என வென்றோம்; ஆ அணி 4-0 என வென்றது. நம்ம கோல் வித்தியாசம் +1, அவர்களுடையது +2. சமநிலை ஆனால் அவர்கள்தான் போவார்கள். நாம் வென்றே ஆகணும்.

வெற்றிக்கு 40, சமநிலைக்கு 25, தோல்விக்கு 35 விழுக்காடு வாய்ப்பு என்று ஒரு மதிப்பீடு வைத்தால், நம்ம வாய்ப்பு 40 மட்டும்தான்.

அந்த முதல் ஆட்டத்தில், 4-1 என இருக்கும்போது "போதும்" என்று தளராமல், இன்னொரு கோல் போட்டு, அந்த ஒரு கோலையும் வாங்காமல் 5-0 என முடித்திருந்தால்? கோல் வித்தியாசம் +3. இப்போது சமநிலையும் நமக்குச் சாதகம். வாய்ப்பு 40-லிருந்து 65-க்குப் போகிறது.

நாம் பதறுவது கடைசி நாளில். ஆனால் வாய்ப்பு கூடியதும் குறைந்ததும் முதல் நாளில், பாதி ரசிகர்கள் பார்க்கக்கூட இல்லாத ஒரு "சுலபமான" ஆட்டத்தில். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களுக்கு இது புதுசு இல்லை. இறுதித் தேர்வுக்கு முந்தின ராத்திரி எல்லாரும் பதறுவோம். செமஸ்டர் நடுவில் இருந்த சின்னச் சின்ன குவிஸில் போன மதிப்பெண்ணை யாரும் அப்போது பெரிதாக நினைத்திருக்க மாட்டோம்.

கணக்கு இரண்டு: கடைசி பத்து நிமிஷம்

"நாம முன்னிலையில் இருந்தா எப்பவும் கடைசியில கோட்டை விடுவோம்." இதையும் கணக்கில் பார்ப்போம்.

ஒரு 60 நிமிட ஆட்டத்தில் ஓர் அணி சராசரியாக இரண்டு கோல் போடும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது அரை மணி நேரத்துக்கு ஒன்று. எந்த நிமிஷத்திலும் கோல் விழும் வாய்ப்பு ஒரே அளவு என்று எடுத்தால், பொறியியல் முதலாம் ஆண்டிலேயே படிக்கும் பாய்சான் சூத்திரம் நமக்குப் போதும். சூத்திரத்தை விடுங்க, விடையைப் பாருங்க.

கடைசி 10 நிமிடத்தில் எதிரணி ஒரு கோலாவது போடும் வாய்ப்பு: சுமார் 28 விழுக்காடு.

கடைசி 5 நிமிடத்தில்: சுமார் 15.

கடைசி 2 நிமிடத்தில்: சுமார் 6.

கடைசி 10 நிமிடத்தில் இரண்டு கோலாவது போடும் வாய்ப்பு: சுமார் 4 அல்லது 5.

ஒரு கோல் முன்னிலையோடு பத்து நிமிஷம் மீதி இருந்தால், நாலு தடவையில் ஒரு தடவைக்கு மேல் எதிரணி கோல் போடத்தான் செய்யும். அது சாதாரணம். உலகத்தில் எந்த அணிக்கும் இதே கதைதான்.

உண்மையான ஆட்டத்தில் இந்த எண் இன்னும் கூடும். பின்தங்கிய அணி கடைசி நிமிடங்களில் கோல் காவலரை வெளியே எடுத்துவிட்டு, கூடுதலாக ஒரு களத்து ஆட்டக்காரரை இறக்கும். முன்னிலையில் இருக்கும் அணி இயல்பாகவே பின்னுக்குப் போய்த் தன் வட்டத்துக்குள் கூட்டமாக நிற்கும். வட்டத்துக்குள் கூட்டம் கூடினால் பந்து காலில் படும். காலில் பட்டால் பினால்டி கார்னர். எதிரணியின் கோல் வேகம் இரண்டு மடங்கு ஆகிறது என்று வைத்தால், கடைசி 5 நிமிடத்துக்கான 15 விழுக்காடு 28-ஆக ஏறிவிடும். 1975-ல் நம்மைச் சமன் செய்ததும் ஒரு பினால்டி கார்னர்தான்.

ஆகவே முன்னிலையில் இருக்கும்போது வரும் பயம் தப்பில்லை, அளவுதான் தப்பு. ரசிகனின் மனசு அந்த 28-ஐ 100 என்று படிக்கிறது. கோல் விழாமல் தப்பித்தால் உடனே அதை மறந்துவிடுகிறது.

கணக்கு மூன்று: இது சாபமா?

மேலே சொன்ன பட்டியலில் ஆசிய அளவிலான ஐந்து இறுதியாட்டங்கள் இருக்கு: 2010, 2017, 2018, 2022, 2023. ஐந்திலும் தோல்வி. "இது சாபம்டா" என்று சொல்லாத ரசிகன் இல்லை.

ஒவ்வோர் இறுதியாட்டத்திலும் நம்ம வெற்றி வாய்ப்பு 40 விழுக்காடு என்று வைப்போம். ஐந்தையும் தோற்கும் வாய்ப்பு 0.6-ஐ ஐந்து தடவை பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 8 விழுக்காடு. 30 விழுக்காடு என்று வைத்தால் 17. அதாவது நம்மைப் போன்ற அணிகள் நூறு இருந்தால், எட்டிலிருந்து பதினேழு அணி வரை எந்தச் சாபமும் இல்லாமலே இதே வரிசையை அனுபவிக்கும். நாம் அதில் ஒன்று. துரதிர்ஷ்டம்தான், ஆனால் அதிசயம் இல்லை.

இன்னொரு விஷயம் இருக்கு, அது இதைவிட முக்கியம். இந்த ஐந்தை யார் தேர்ந்தெடுத்தது? நம்ம வலிதான் தேர்ந்தெடுத்தது. 2022 நவம்பரில் ஈப்போவில் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கா? 1983-லிருந்து நடந்துவரும் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வென்றது. இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 3-2 என வீழ்த்தினோம். அதே ஆண்டு ஆசியக் கிண்ண இறுதியில் நம்மை அழவைத்த அதே தென் கொரியாவை! "நாம இறுதியாட்டத்துல எப்பவும் தோப்போம்" என்று சொல்கிறவனிடம் இதைச் சொன்னால், "ஆமா இல்ல..." என்று தலையைச் சொறிவான்.

நேர்மையாக இருக்கணும் என்றால் அதே கிண்ணத்தில் 2013-லும் 2014-லும் ஆஸ்திரேலியாவிடம் இறுதியில் தோற்றதையும் சேர்க்கணும். இந்த எட்டையும் சேர்த்தால் ஒரு வெற்றி, ஏழு தோல்வி. 40 விழுக்காடு வாய்ப்புள்ள அணிக்கு எட்டில் ஒன்றோ அதற்குக் குறைவாகவோ கிடைப்பது நூற்றுக்குச் சுமார் 11. 30 விழுக்காடு அணிக்குச் சுமார் 26. சாபம் மெல்ல மெல்லக் கரைகிறது, பாருங்க. எந்தக் கணக்கிலும் இதுதான் விதி: முதலில் எதை எண்ணப் போகிறோம் என்று முடிவு செய்யணும், பிறகுதான் எண்ணணும். வலித்ததை மட்டும் பொறுக்கி எடுத்து எண்ணினால் எல்லா வாழ்க்கையும் சபிக்கப்பட்ட வாழ்க்கையாகத்தான் தெரியும்.

"நான் பார்த்தா தோத்துடும்" என்பதும் இதே ரகம்தான். நீங்க பார்த்து வென்ற ஆட்டம், பார்க்காமல் தோற்ற ஆட்டம் இரண்டையும் எழுதி வைத்திருக்கீங்களா? இல்லை. பார்த்துத் தோற்றது மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. சென்னையில் ஓடும் பந்துக்கு, காஜாங்கில் நீங்க போட்டிருக்கும் சட்டை தெரியாது.

கணக்கு சொல்லாத ஒன்று

ஒரு எச்சரிக்கை. "எல்லாம் வாய்ப்புதான், யாரும் பொறுப்பில்லை" என்று நான் சொல்லவில்லை.

ஒவ்வோர் ஒலிம்பிக்குக்கும் நம்ம தகுதி வாய்ப்பு 25 விழுக்காடு என்று வைத்தால், ஆறு தடவை தொடர்ந்து தவறவிடும் வாய்ப்பு சுமார் 18. அதே வாய்ப்பு 40-ஆக இருந்திருந்தால் ஆறையும் தவறவிடுவது 5-க்கும் குறைவு. முன்னால் பார்த்தால்: அடுத்த மூன்று ஒலிம்பிக்கில் ஒன்றிலாவது ஆடும் வாய்ப்பு, 25 என்றால் 58, 40 என்றால் 78. அந்த 25-ஐ 40 ஆக்குவதுதான் வேலை. அது ஷூட்-அவுட்டில் நடக்கிற வேலை இல்லை. பள்ளித் திடல், மாநில அணி, பயிற்றுநர், செயற்கைத் திடல் பராமரிப்பு என்று வருடக்கணக்கில் நடக்கிற வேலை. அதில் கேள்வி கேட்க வேண்டியவர்களைக் கேட்கத்தான் வேணும்.

ஆனால் நாம் யாரைக் கேட்கிறோம்? ஷூட்-அவுட்டில் தவறவிட்ட பையனை. 23 மீட்டர் கோட்டிலிருந்து கிளம்பி, எட்டு வினாடிக்குள் கோல் காவலரைத் தாண்டணும். எட்டு வினாடி! அதில் தவறிய ஒருவனின் சமூக ஊடகப் பக்கத்துக்குப் போய், அவன் அம்மா அப்பாவையும் இனத்தையும் இழுத்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவன் வயசுக்காரர்கள்தான். நம்ம வயசுக்காரர்கள். ஒரு மணி நேரமாக ஓட இடமில்லாமல் உடம்பில் சேர்ந்த பதற்றம் கடைசியில் விரல் வழியாக வெளியே போகிறது. அது எங்கே போய் விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பையன் மறுநாள் காலை பயிற்சிக்குப் போகணும். அடுத்த ஷூட்-அவுட்டில் அவனே மறுபடி நிற்கணும். நாம் எழுதியது அவனுடைய வாய்ப்பைக் கூட்டுமா, குறைக்குமா? இதற்குக் கால்குலேட்டர் தேவையில்லை.

ரசிகனால் என்ன முடியும்?

ஒன்று, போட்டி தொடங்கும் முன்பே கட்டம் போட்டு வைங்க. நமக்கு எது தேவை, எது தேவையில்லை என்று தெரிந்தால், பதற்றம் இருக்க வேண்டிய ஆட்டத்தில் மட்டும் இருக்கும்.

இரண்டு, ஆட்டத்துக்கு முன்பே ஓர் எண்ணை எழுதுங்க. "நம்ம வாய்ப்பு 35." முடிவு வந்ததும் "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்ல முடியாது. ஒரு வருஷம் எழுதிப் பார்த்தால், நீங்க எப்போதும் பயந்து குறைத்துச் சொல்கிறீர்களா, ஆசையில் கூட்டிச் சொல்கிறீர்களா என்பது தெரியும்.

மூன்று, இறுதியாட்டத்துக்கு மட்டும் வரும் ரசிகனாக இருக்காதீங்க. மலேசிய ஹாக்கி லீக் ஆட்டங்களையும், மாநிலங்கள் மோதும் ரசாக் கிண்ணத்தையும் நேரில் போய்ப் பாருங்க. பல ஆட்டங்களில் இருக்கைகள் காலியாகத்தான் கிடக்கும். அங்கே ஆடும் பத்தொன்பது வயசுப் பையன்தான் இன்னும் நாலைந்து வருஷத்தில் உங்க வயிற்றைக் கலக்கப் போகிறவன். அவன் பெயரை இப்போதே தெரிந்து வைத்தால், நாளைக்கு அவன் தவறவிடும்போது திட்டுவதற்கு முன் கை ஒரு நொடி தயங்கும்.

நான்கு, ஆட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் கைப்பேசியைத் தொடாதீங்க. எழுந்து நடங்க. உடம்பு கேட்ட ஓட்டத்தை உடம்புக்குக் கொடுங்க. அதற்குப் பிறகும் எழுதணும் என்று தோன்றினால் எழுதுங்க. பெரும்பாலும் தோன்றாது.

அடுத்த தகுதிச் சுற்று வரும்போதும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். எனக்கும்தான். அணியை நேசிக்கிறவனுக்கு அது இல்லாமல் இருக்காது. அந்த நேரத்தில் 28 என்பது 28-தான், 100 இல்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு யாராவது ஒருத்தர் சொல்லணும். இந்தப் பாடம் படித்த நீங்க சொல்லுங்க.

குழுவில் பேசிப் பார்க்க

1. மேலே உள்ள பிரிவில் கடைசி நாளுக்கு முன் நமக்கு 4 புள்ளி, அ அணிக்கு 4, ஆ அணிக்கு 3, இ அணிக்கு 0 என்று வைத்து ஒன்பது கட்டத்தையும் மறுபடி போடுங்க. இப்போதும் இன்னோர் ஆட்டம் நமக்குத் தேவையில்லாததா?

2. "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று நீங்க உங்களைப் பற்றிச் சொல்லும் ஒரு விஷயத்தை எடுங்க. நடந்தது, நடக்காதது இரண்டையும் எண்ணி எழுதுங்க. இன்னமும் "எப்பவும்" என்று சொல்ல முடிகிறதா?

3. தோல்விக்குப் பிறகு ஓர் ஆட்டக்காரரை விமர்சிப்பதற்கும் அவமானப்படுத்துவதற்கும் நடுவில் கோடு எங்கே இருக்கு? ஆளுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுங்க.

4. உங்க ஊரில் ஹாக்கி ஆடும் பள்ளி எது? அடுத்த ஆட்டம் எப்போது? கண்டுபிடித்து, குழுவாகப் போய்ப் பார்த்துவிட்டு வாங்க.